பாடியக்கா உயிரோடு வந்த ஒரே காட்சி

கல்யாண வீடானால் மாப்பிள்ளையாக இருக்கணும், இழவு வீடானால் பிணமாக இருக்கணும் என்று அலைகிறவர்களை எல்லாரும் கேலி செய்வார்கள். இவள் அப்படி எதற்கும் அலைந்தவள் இல்லை. ஆனாலும் முப்பது வருஷமாக எந்தப் படத்தில் கொலை விழுந்தாலும் அதில் பிணம் இவள்தான். ஸ்டுடியோ வாசலில் இருக்கும் காவல்காரரிலிருந்து கேமராக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் இவள் பாடியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

"நாளைக்குக் காலையில ஒரு கொலை இருக்குக்கா, வந்துடுங்க" என்று மேனேஜர் போனில் சொல்வார். இவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "கட்டில்லயா, தரையிலயா?" தரை என்றால் பையில் ஒரு போர்வை ஏறும். ஒருமுறை பேருந்தில் உட்கார்ந்தபடி போனில், "கழுத்தை நெரிச்சா, குத்தியா? குத்துன்னா வேற துணி எடுத்துட்டு வரேன்" என்று சத்தமாகக் கேட்டதில், பக்கத்தில் இருந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அது அந்த அம்மாள் இறங்க வேண்டிய இடமே இல்லை.

இந்த வேலைக்கு இவள் வந்ததே கால் வலியால்தான். கல்யாணமான புதிது. கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற வேலைக்குப் போயிருந்தாள். விருந்துக் காட்சி, கையில் ஒரு காலி தம்ளரோடு விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். பிணமாக அலமாரிக்குள் இருக்க வேண்டிய பெண்ணுக்கோ தூசி ஒத்துக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பிணம் தும்முகிறது. கடுப்பாகிப்போன டைரக்டர், அசையாமல் படுக்க யாரால் முடியும் என்று கத்தினார். "படுக்கற வேலையா? நான் வர்றேன்" என்று இவள் தம்ளரைக் கீழே வைத்தாள். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. அன்றைக்குப் படுத்தவளை அதற்கப்புறம் யாரும் எழுந்திருக்க விடவில்லை.

இவளுடைய வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன பம்பு மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி ஓட வைப்பார். வாயில் வார்த்தை குறைவு, கையில் வேலை சுத்தம். அந்த அலமாரிப் படம் வந்ததும், சொன்னால் ருசி போய்விடும் என்று எதையும் சொல்லாமல் அவரை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். திரையில் அலமாரி திறந்தது. இவள் கண்ணைத் திறந்தபடி முகம் குப்புற விழுந்தாள். பக்கத்து இருக்கையைப் பார்த்தால் ஆள் இல்லை. வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், முகமெல்லாம் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"நடிப்புன்னு தெரியுது. நீ பக்கத்துல உக்காந்திருக்கறதும் தெரியுது. ஆனா வயிறு கேக்க மாட்டேங்குது. இனிமே உன் படத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத" என்றார்.

சொன்ன சொல்லை அவர் மீறவே இல்லை. அப்போது இவளுக்குச் சிரிப்பு வந்தது. வருஷம் போகப் போகச் சிரிப்பு குறைந்தது. தெருவில் இருக்கிற அத்தனை பேரும் இவளைத் திரையில் பார்த்திருக்கிறார்கள். கறிகாய்க் கடைக்காரர், "போன வாரம் உன்னைக் கிணத்துல இருந்து எடுத்தாங்களே, சளி பிடிக்கலையா?" என்று விசாரிக்கிறார். கட்டின புருஷன் ஒருத்தர் மட்டும் பார்த்ததில்லை. நாத்தனார் வேறு வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எங்க அண்ணி உசிரைக் கொடுத்து நடிக்கறவங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், வாய் வலிக்காத வரைக்கும்.

த்ரில்லர் படங்களின் சரித்திரத்தை எழுத நினைக்கிறவர்கள் டைரக்டரைத் தேடிப் போவார்கள், கதை எழுதினவரைத் தேடிப் போவார்கள். தரையில் கிடக்கிறவளை யார் கேட்கப்போகிறார்கள்? கேட்டிருந்தால் இவள் வண்டி வண்டியாகச் சொல்லியிருப்பாள்.

இவளுக்கு முந்தின காலத்தில் பிணம் என்றே ஒன்று கிடையாதாம். சாகிறவர்கள் செத்து முடிப்பதற்குள் படமே முடிந்துவிடும். நெஞ்சில் குண்டு வாங்கினவன் மாடிப்படி முழுக்க இறங்கி வருவான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குடும்ப விவகாரம் எல்லாம் பேசுவான். "என்னைச் சுட்டது... சுட்டது..." என்பான். பெயர் வாய்க்கு வருகிற நேரத்தில் கழுத்து தொங்கிவிடும். அந்தப் பாவி பெயரை முதலில் சொல்லிவிட்டுக் குடும்பத்தைப் பிறகு பேசியிருந்தால் பாதிப் படம் மிச்சம். துப்பறிகிறவர் கொளுத்துகிற வெயிலிலும் கனத்த மேல்சட்டை போட்டுக்கொண்டு வருவார். அவர் போகிற தெருவில் மட்டும் புகை மூட்டமாக இருக்கும்.

இவள் வந்த காலம் அலமாரிக் காலம். அலமாரி, பெட்டி, கட்டிலுக்கு அடி, கார் டிக்கி, எதைத் திறந்தாலும் உள்ளே இவள் இருப்பாள். திறந்ததும் யாராவது வீல் என்று கத்துவார்கள், கேமரா கத்துகிறவள் பக்கம் போய்விடும். இவள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்ளலாம். பிறகு டெலிபோன் காலம். எத்தனை ரிசீவர் இவள் காதருகே தொங்கி ஆடியிருக்கிறது என்று கணக்கே இல்லை. அதற்குப் பிறகு ஒருத்தனே வரிசையாகக் கொல்கிற காலம் வந்தது. ஒவ்வொரு பிணத்தின் பக்கத்திலும் ஒரு சீட்டு, ஒரு பொம்மை, ஏதோ ஒரு கிறுக்கு அடையாளம். அந்தக் காலத்தில்தான் ஒரே படத்தில் மூன்று முறை செத்தாள், முடியை மட்டும் மாற்றி வைத்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக் காலம். குளிர்ந்துபோன இரும்பு மேசையில் படுக்க வேண்டும். டாக்டர் வேஷக்காரர் அறிவியல் பாடம் எடுத்து முடிக்கும்வரை கண்ணைக் கொட்டக் கூடாது. பிணம் நடிப்பில் இவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கண்தான்.

இத்தனை காலம் மாறியும் ஒன்று மாறவில்லை. அலமாரி திறந்தால் ஜனங்கள் பிணத்தை ஒரு நொடி பார்ப்பார்கள், உடனே அறையில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். கொன்றவன் யார் என்பதுதான் எல்லாருக்கும் கவலை. செத்தவள் யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "எனக்கு ஒரு பேரு கூட வெக்க மாட்டாங்க. முதல் பொணம், ரெண்டாம் பொணம், அவ்வளவுதான்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் உள்ளே உறுத்தும்.

இந்த உறுத்தல் வைராக்கியமாக மாறினதற்கு ஒரு மூச்சுதான் காரணம். இப்போதெல்லாம் ஜனங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். நிறுத்துகிறார்கள், பெரிதாக்குகிறார்கள், பின்னால் ஓட்டுகிறார்கள். போன வருஷம் இவளுக்கு நெஞ்சுச் சளி வந்து நாள்பட இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் நடித்த ஒரு படத்தில், போலீஸ்காரர் குனிந்து பார்க்கும்போது பிணத்தின் வயிறு ஒரு தரம் ஏறி இறங்கிவிட்டது. எவனோ ஒரு புண்ணியவான் அதை மட்டும் வெட்டி, கோமாளி இசை சேர்த்து, மூச்சு விடும் பிணம் என்று போட்டுவிட்டான். ஊர் உலகமெல்லாம் சிரித்தது. முப்பது வருஷம் விடாமல் இருந்த மூச்சைப் பற்றி யாரும் பேசவில்லை, விட்ட ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே, "மோட்டார் குடுக்க வந்த ஒருத்தர் போன்ல காட்டினார்" என்றார்.

இவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. "நீங்களும் பாத்துட்டீங்களா? நல்லா சிரிச்சீங்களா?"

"எதுக்குச் சிரிக்கணும்? பயந்துகிட்டேதான் பாத்தேன். திடீர்னு மூச்சு விட்டே பாரு, எனக்குப் போன உசிரு வந்துச்சு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "உன் படத்துல நான் பாத்ததுலயே அதுதான் நல்ல நடிப்பு."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். இவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு மூச்சுக்கே இந்த மனுஷன் இப்படிச் சொல்கிறாரே, ஒரு காட்சி முழுக்க உயிரோடு வந்தால்? ஒரே ஒரு காட்சி. நடந்து, பேசி, சிரித்து. அதை இவர் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்க வைக்காமல் இந்தத் தொழிலை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டுவது சுலபம். பாடியக்காவுக்கு உயிருள்ள வேஷம் வேண்டும் என்று கேட்டதும் மேனேஜர்கள் எல்லாம் நல்ல நகைச்சுவை கேட்டதுபோலச் சிரித்தார்கள். "உங்களைப் பாத்தாலே ஜனங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுப்பாங்கக்கா" என்றார் ஒருவர். இன்னொருவர், இனிமேல் பிணத்துக்கே ரப்பர் பொம்மை வாங்கப்போகிறோம் என்றார். இவள் அலட்டிக்கொள்ளவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும். எங்கே கல் தேய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேய்ந்த இடம் ஒரு புது டைரக்டரின் அலுவலகத்தில் இருந்தது. மீசை சரியாக முளைக்காத முகம், ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை. அவருடைய த்ரில்லரில் படம் ஆரம்பிப்பதே பிணத்தோடுதான். ஒரு வீட்டின் கூடத்தில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். போலீஸ்காரர்கள் அவளைச் சுற்றி நடக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அவள் கையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கேமரா எங்கேயும் வெட்டாமல் சுற்றிச் சுற்றி வரும். அதற்கப்புறம் கதை பின்னால் போகிறது. அந்தப் பெண் யார், எப்படி வாழ்ந்தாள், யாரை நம்பிக் கதவைத் திறந்தாள் என்று மற்றவர்கள் வாயால் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அவள் கதவைத் திறக்கிற ஒரே காட்சியில் உயிரோடு காட்டப்போகிறார்கள். இந்தக் காலத்து த்ரில்லர் இப்படி ஆகிவிட்டது. முதலில் சாவு, பிறகு வாழ்வு.

அந்த வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகை, உயிரோடு இருக்கிற காட்சிக்கு வருகிறேன், பிணமாக மட்டும் படுக்க மாட்டேன், அபசகுனம் என்று சொல்லிவிட்டாளாம். ரப்பர் பொம்மையின் கையைத் தூக்கினால் அது ரப்பர் கையாகவே வருகிறதாம். டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இவள் உள்ளே போனாள்.

"தம்பி, நான் படுக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். படுத்தவளே எந்திரிக்கணும். அந்தக் கதவைத் திறக்கற காட்சியும் எனக்குத்தான்."

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, உங்களுக்கு இருமல் இருக்குன்னு சொன்னாங்க. அந்த வீடியோவும் பாத்தேன்."

"பாத்தீங்கல்ல, அப்ப நான் உசிரோடதான் இருக்கேன்னு தெரியும். மிச்சத்தைக் கேமராவுல பாருங்க."

அவருக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. "சரிக்கா, பிணக் காட்சி ஒரே டேக்ல, மூச்சு தெரியாம வந்துட்டா, கதவுக் காட்சி உங்களுக்கு. வரலைன்னா பொம்மையை வெச்சு எப்படியோ எடுத்துட்டு, கதவுக்கு அந்தப் பொண்ணையே கூப்பிட்டுடுவேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க இருமித் தீர்த்தாள்.

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. பிணம் மூச்சை அடக்குவதில்லை. அடக்கினால் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்துவிடும். மூச்சை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போகவிடாமல் முதுகுப் பக்கம் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தரையில் படுத்து, வயிற்றின் மேல் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டாள். தண்ணீர் ஆடுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

"என்னை ஏம்மா இதுல இழுக்கற? என்னால பாக்க முடியாதுன்னு தெரியுமில்ல?"

"என் மூஞ்சியைப் பாக்க வேண்டாம். தம்ளரை மட்டும் பாருங்க. நீங்க ஒரு நாள் நான் நடிச்சதைப் பாக்கணும்னுதான் இவ்வளவும் பண்றேன். பாக்க வேண்டியவரே ஒத்தாசை பண்ணலைன்னா எப்படி?"

முணுமுணுத்துக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டார். முகத்தைப் பார்க்காமல் தம்ளரையே முறைத்தார். "அலை அடிக்குது" என்பார். இவள் மூச்சை மாற்றுவாள். "இப்ப?" "இன்னும் அடிக்குது." இருமல் வந்து தம்ளர் கவிழ்ந்து, இரண்டு பேரும் நனைந்த நாளும் உண்டு. ஒருநாள் அவரே சொன்னார். "நல்ல மோட்டார் ஓடும்போது கண்ணால பாத்தாத் தெரியாது, கை வெச்சாத்தான் தெரியும். நீ ஓடறதை மறைக்காத. ஆட்டத்தை மட்டும் நிறுத்து." அது என்னவோ இவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அதற்கப்புறம் தம்ளரில் தண்ணீர் குளம்போல நின்றது.

படப்பிடிப்பு நாளில் கூடத்துத் தரையில் போய்ப் படுத்தாள். "ஆக்‌ஷன்" என்ற சத்தம் கேட்டதும் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துவிட்டது. போலீஸ்காரர்கள் சுற்றினார்கள், கேமரா சுற்றியது. அதிகாரியாக நடித்தவர் இவள் கையைத் தூக்கினார், தூக்கின நேரத்தில் வசனத்தை மறந்தார், மறந்த பதற்றத்தில் கையைத் தொப்பென்று போட்டார். முழங்கை தரையில் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. எலும்புக்குள் மின்சாரம் பாய்ந்தது. இவள் அசையவில்லை. நடிகருக்கு வசனம் ஞாபகம் வந்து, பேசி முடித்து, எல்லாரும் அறையைவிட்டு வெளியே போகும்வரை இவள் செத்தே கிடந்தாள். "கட்!" என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்து இருமினாள் பாருங்கள், கூரையே அதிர்ந்தது. டைரக்டர் ஓடி வந்து முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். "கதவு உங்களுக்குத்தான்க்கா" என்றார்.

மறுநாள் சமையலறை. இவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். கதவு தட்டுகிற சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு, "யாரது? இருங்க, இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். இடுக்கு வழியாகப் பார்த்து, தெரிந்த ஆள்தான் என்று சிரித்தபடி தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். வெளியே நிற்பவன்தான் கொல்லப்போகிறவன். அது படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒத்திகையில் பிரமாதமாகச் செய்தாள். மேனேஜரே கை தட்டினார்.

"ஆக்‌ஷன்!"

பாடியக்கா செத்துப்போனாள்.

விழவில்லை. நின்ற இடத்திலேயே போய்விட்டாள். கண் கண்ணாடிபோல நின்றது, கை தண்ணீரிலேயே கிடந்தது, மூச்சு முதுகுப் பக்கம் போய்விட்டது. கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது, இவள் அப்படியே நிற்கிறாள். "கட்!" என்றதும் மூச்சு வந்தது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க தம்பி, இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தது ஒரு பிணம்; சமையலறையில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கே முதுகு சில்லிட்டது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்கு வந்தது சுடுகாட்டுப் பழக்கம், அது சமையலறைக்கும் கூடவே வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஆக்‌ஷன் என்றால் சாவு, கட் என்றால் உயிர். உடம்புக்கு வேறு பாடம் தெரியாது.

ஒன்றும் சொல்லாமல் ஆரம்பிக்கலாமே என்று பார்த்தார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்தினதுமே இவளுக்கு மூச்சு அடங்கிவிட்டது. மேனேஜர் டைரக்டர் காதில் ஏதோ சொன்னார். அந்த நடிகையையே கூப்பிட்டு முதுகுப் பக்கமாக எடுத்துவிடலாம், கையை மட்டும் இவளுடையதாகக் காட்டலாம் என்பதுதான் அது. இவளுக்குக் கேட்காமலே புரிந்தது. கழுவின பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"தம்பி, யாரையும் கூப்பிட வேண்டாம். நீங்க கட்டுன்னு சொல்லுங்க. நான் ஆரம்பிக்கறேன்."

"எதுக்கு கட்?"

"எனக்கு உசிரு அதுலதான் வரும். சொல்லுங்க, பாத்துக்கலாம்."

டைரக்டருக்கு அந்த வார்த்தை வாயில் வரவே இல்லை. ஷாட் ஆரம்பிக்கும்போது கட் சொன்னால் விளங்குமா? கடைசியில், "கட்!" என்றார். இவள் உடம்பு முழுக்க ஒரு மூச்சு ஓடியது. கதவு தட்டியது. "யாரது? இருங்க, இதோ வர்றேன்" என்றாள், கையைத் துடைத்தாள், நடந்தாள், இடுக்கில் பார்த்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்படி ஒரு நடிப்பு.

கேமராக்காரர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கட் என்று காதில் விழுந்ததும் அவர் விரல் தன்பாட்டுக்குக் கேமராவை நிறுத்திவிட்டிருந்தது. அவருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

அடுத்த தடவை கேமராக்காரர் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்றார். "கட்!" என்றதும் லைட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டார். அவரை டீ குடிக்க வெளியே அனுப்பினார்கள். அதற்கடுத்த தடவை ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். ஆளாளுக்கு ஒரு கட். மேனேஜர், இன்னிக்கு இது போதும் என்றார். "போதாது" என்றாள் இவள். "நான் சாகறதுக்கு எல்லாரும் பொறுமையா நின்னீங்கல்ல? பொழைக்கறதுக்கும் கொஞ்சம் நில்லுங்க."

விளக்கு, கேமரா, ஒலி எல்லாவற்றையும் ஓடவிட்டுவிட்டு, அவரவரை அவரவர் கருவியிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நிற்க வைத்தார்கள். டைரக்டர், "கட்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். எதுவும் அணையவில்லை. இவளுக்கு மட்டும் உயிர் வந்தது. கதவைத் திறந்து முடித்தும் யாரும் அசையவில்லை; எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இவளே திரும்பி, "அவ்வளவுதானே தம்பி?" என்று கேட்டாள்.

படம் வந்தது. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போக ஒற்றைக்காலில் நின்றாள். "ஆரம்பத்துல செத்துக் கிடப்பேன். அப்ப குனிஞ்சுக்குங்க. முடிஞ்சதும் நான் இடிக்கறேன்" என்றாள். பகல் காட்சி, நல்ல கூட்டம். விளக்கு அணைந்ததும் அவர் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் சுற்றினார்கள், கை தொப்பென்று விழுந்தது. அவர் தோள் குலுங்கியது, தலை நிமிரவில்லை. கூடம் காலியானதும் இவள் இடித்தாள்.

நிமிர்ந்தவர் கொஞ்ச நேரத்தில் கதையில் விழுந்துவிட்டார். "அந்த டாக்டர் மேல எனக்குச் சந்தேகம்" என்று காதோரம் சொன்னார். பிறகு, "டாக்டர் இல்ல, அந்த வாடகைக்கு இருக்கறவன்" என்றார். எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்தபோது, கொன்றவன் யார் என்று திரையில் காட்டிவிட்டார்கள். குடும்பத்துக்கு வேண்டியவன், தினமும் வந்து போகிறவன். அவன் தெருவில் நடந்து வருகிறான், ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான், கதவைத் தட்டுகிறான். காட்சி சமையலறைக்குப் போயிற்று.

திரையில் பாடியக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இங்கே பாடியக்கா திரையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருக்கிற முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, அப்புறம் ஒரு சந்தோஷம் மெல்லப் பரவியது. "நீதான்" என்றார் மெதுவாக. திரையில் அவள் கையைத் துடைத்தாள். "யாரது? இருங்க, இதோ வர்றேன்."

அவர் பாதி எழுந்துவிட்டார். "தொறக்காத!" என்றார். குரல் உடைந்து, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "ஏய், கதவைத் தொறக்காத!"

ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் சிரிக்கவில்லை. "ஆமாம்மா, தொறக்காதே" என்று தானும் திரையைப் பார்த்துச் சொன்னாள். பாடியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எத்தனையோ விதமாகச் செத்திருக்கிறாள், நீ சாகாதே என்று அவளிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"தொறக்கலைன்னா படம் ஓடாதுங்க" என்றாள்.

"ஓடலைன்னா போகட்டும்" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.